தீபத்துக்கு இருபது புள்ளி

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் நின்று வடக்கே பார்த்தால் அருணாசல மலை கண்ணை நிறைக்கிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அதன் உச்சியில் மகாதீபம் எரியத் தொடங்கும்போது அந்தச் சாலையில் உயரும் கேமராக்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றுள் ஒன்று நேற்றுத்தான் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்த டி.எஸ்.எல்.ஆர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவோடு சேர்த்துத் தருகிற 18-55 மிமீ லென்ஸ் அதில் மாட்டியிருக்கிறது. சென்சாரில் குறுக்கே 6000, நெடுக்கே 4000 என இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள். மலையுச்சி இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, சுடர் மூன்று மீட்டர் எழும்புகிறது என்று கொண்டால், லென்ஸை 55 மிமீ வரை இழுத்த பிறகும் சென்சாரில் விழும் சுடரின் உயரம் மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு புள்ளியின் அகலம் 4 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு என்பதால், சுடருக்குக் கிடைப்பது நெடுக்கே இருபது புள்ளி. அகலத்தையும் சேர்த்தால் இருநூறு சொச்சம். மிச்சமுள்ள இரண்டு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சில்லறையும் வானமும் மலையும் கூட்டமும்தான். எவ்வளவு ஒளி வேண்டும், எங்கே ஃபோகஸ் செய்ய வேண்டும், நிறம் எப்படி இருக்க வேண்டும் என்று தானியங்கி முறையில் முடிவு செய்யும் கேமரா இந்தப் பெரும்பான்மையின் பேச்சைத்தான் கேட்கும். தீபத்துக்கு அந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ இடமே இல்லை.

புதுக் கேமரா வாங்கியவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘இதில் எந்த செட்டிங் நல்லது?’ என்பது. கேள்வியில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. மிக்ஸியில் சட்னிக்கு ஒரு வேகம், மாவுக்கு ஒரு வேகம் இருப்பதுபோல, மெனுவுக்குள் எங்கோ ஒரு சரியான இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துப் பொருத்திவிட்டால் அப்புறம் கவலையில்லை என்ற நம்பிக்கை. ஆனால் நல்ல செட்டிங் கேமராவுக்குள் இருப்பதில்லை. அன்றைய ஒளி, எதிரே இருக்கும் பொருள், படம் எதற்காக என்ற நோக்கம், இம்மூன்றும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. அப்படியானால் புதிதாக வாங்கியவர் நூறு மெனுக்களையும் படித்துத்தான் ஆக வேண்டுமா? வேண்டாம். ஒரே ஒரு பிரிவினை போதும். பின்னால் திருத்தக்கூடியவை எவை, திருத்த முடியாதவை எவை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னவற்றைக் கேமராவிடமோ கணினியிடமோ விட்டுவிடலாம். பின்னவற்றில் மட்டும் மூளையைச் செலவிட வேண்டும். இந்த அத்தியாயம் அந்தப் பிரிவினைக்கான வாதம்.

முதலில் சென்சார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969-இல் உருவாக்கிய சிசிடி சில்லுக்கு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் சிமாஸ் வகைச் சில்லு. ஆனால் அடிப்படை வேலை ஒன்றுதான். ஒளித்துகள் விழுந்தால் எலக்ட்ரான் பிறக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தன் பங்குக்குப் பிறந்த எலக்ட்ரான்களைச் சேர்த்து வைக்கிறது. ஷட்டர் மூடியதும் எண்ணிக்கை எடுக்கப்படுகிறது. அந்தப் புள்ளிகளுக்கு நிறம் தெரியாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, புள்ளிகளின் தலைமேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாக வைக்கப்பட்டிருக்கின்றன. பச்சைக்கு இரண்டு பங்கு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு பங்கு. நாம் படம் என்று சொல்வது இந்த எண்களிலிருந்து பிற்பாடு சமைத்து எடுப்பது. அரிசியும் பருப்பும் இருக்கும்வரை பொங்கலாகவும் சமைக்கலாம், கிச்சடியாகவும் சமைக்கலாம். சமைத்த பிறகு மாற்ற முடியாது. ‘ரா’ கோப்பு அரிசியும் பருப்பும். ஜேபெக் கோப்பு சமைத்த பொங்கல். ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்துக்கும் 14 பிட் கணக்கில் 16,384 நிலைகள் வரை உண்டு. ஜேபெக்கில் நிறம் ஒன்றுக்கு 256 நிலைகள்தான்.

வொயிட் பேலன்ஸ், ஷார்ப்னெஸ், கான்ட்ராஸ்ட், ‘விவிட்’, ‘போர்ட்ரெயிட்’ போன்ற பட பாணிகள் எல்லாம் சமையல் விஷயம். ரா கோப்பு கையில் இருந்தால் வீட்டுக்கு வந்தபின் நூறு தடவை மாற்றலாம். நெய் விளக்கின் சுடருக்கு நிற வெப்பநிலை சுமார் 1,900 கெல்வின். நடுப்பகல் வெயிலுக்கு ஏறக்குறைய 5,500. நிழலில் வானத்தின் நீல ஒளி மட்டும் விழும் இடத்தில் 7,000-ஐத் தாண்டும். நம் கண் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. கேமராவின் தானியங்கி வொயிட் பேலன்ஸும் அதையே செய்யப் பார்க்கிறது. செய்யும்போது, விடியற்காலையில் மலையின் கீழைச் சரிவில் விழும் செம்மையைக் குறை என்று நினைத்துக் கழுவிவிடும். புதிதாக வாங்கியவர் இதற்காக மெனுவில் தலையைக் கொடுத்து அரை மணி நேரம் போராடுவார். தேவையில்லை. ரா என்று பொருத்திவிட்டால் அந்தச் செம்மை கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. அதனால் புதுக் கேமராவில் மாற்ற வேண்டிய முதல் செட்டிங் கோப்பின் வகை. அதை மாற்றினால் பிற பத்துப் பன்னிரண்டு செட்டிங்குகள் முக்கியத்துவம் இழக்கின்றன.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ரா கோப்பு பெரிது. அதைச் சமைக்கக் கணினியும் நேரமும் வேண்டும். குடும்பத்தோடு கிரிவலம் வந்தவருக்கு அன்றிரவே உறவினர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். உண்மைதான். 24 மெகாபிக்ஸல் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும். ஆனால் 64 ஜிபி அட்டையில் அப்படிப்பட்ட படங்கள் இரண்டாயிரம் கொள்ளும். ராவும் ஜேபெக்கும் சேர்த்தே பதியும் வசதி ஏறத்தாழ எல்லா டி.எஸ்.எல்.ஆர்களிலும் இருக்கிறது. ஜேபெக்கை அன்றே அனுப்பலாம், ராவைப் பெட்டியில் போட்டு வைக்கலாம். செலவு கொஞ்சம் அட்டை இடம். வரவு, தவறாக முடிவெடுத்தாலும் பிழைத்துக்கொள்ளும் உரிமை.

இனித் திருத்த முடியாதவை. அவற்றில் தலையாயது வழிதல். ஒவ்வொரு புள்ளியும் குறிப்பிட்ட அளவு எலக்ட்ரான்களைத்தான் வைத்துக்கொள்ளும். அண்டா நிரம்பிய பின் விழும் மழை எவ்வளவு என்று அண்டாவைப் பார்த்துச் சொல்ல முடியாததுபோல, நிரம்பிய புள்ளி தனக்கு மேல் வந்த ஒளியைப் பற்றி எதுவும் சொல்லாது. நெய்ச் சுடரில் சிவப்பு மிகுதி. ஆகவே சிவப்பு வடிகட்டிக்குக் கீழுள்ள புள்ளிகள் முதலில் நிரம்பும். அதற்குப் பின்னும் பச்சைப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போனால் செம்பொன் மஞ்சளாகும். நீலமும் நிரம்பினால் வெறும் வெள்ளை. இணையத்தில் காணும் தீபப் படங்கள் பலவற்றில் உச்சியில் எரிவது தீயா டியூப்லைட்டா என்று தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். வொயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் அந்த நிறம் திரும்பாது. திரும்புவதற்கு எண்ணே இல்லை. இருட்டாக விழுந்த பகுதியை ஓரளவு தூக்கி எடுக்கலாம், புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தாலும் அங்கே தகவல் இருக்கிறது. வழிந்த பகுதியில் தகவலே இல்லை. திருத்த முடியாதவற்றின் பட்டியலில் வழிதலுக்கு முதலிடம் தருவது இதனால்.

கேமரா ஏன் வழிய விடுகிறது? அதன் ஒளிமானிக்குப் பொருள்கள் தெரியாது, சராசரி மட்டும் தெரியும். காட்சி முழுவதையும் கலக்கினால் நடுத்தரச் சாம்பல் வரும் என்பது அதன் அடிப்படை அனுமானம்; பாடப்புத்தகங்கள் அதை 18 சதவீதப் பிரதிபலிப்பு என்று சொல்லும். இருண்ட வானமும் இருண்ட மலையும் சட்டத்தை நிறைத்தால், இதையும் சாம்பலாக்க வேண்டும் என்று அது ஒளியைக் கூட்டிக்கொண்டே போகும்; இருபது புள்ளி உயரச் சுடர் அதில் மூழ்கிவிடும். பகலில் இதே தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. கிரிவலப் பாதையில் வெள்ளை வேட்டியும் வெள்ளைப் புடவையுமாக ஒரு குழு எதிரே வருகிறது. வெளுத்த வேட்டி தன்மேல் விழும் ஒளியில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். மானி அதையும் சாம்பலாக்கும். வேட்டி அழுக்காகவும், அதை உடுத்தியவரின் முகம் கரியாகவும் பதியும். பதினெட்டு சதவீதம் என்பதை யார் தோலை, எந்த நாட்டு வீதியை மனத்தில் வைத்து வசதியான சராசரி என்று கொண்டார்கள் என்பது தனி வரலாறு. வண்ண ஃபிலிம் காலத்தில் அமெரிக்க அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்களே இருந்தார்கள். கறுத்த முகமும் வெளுத்த துணியும் ஒரே சட்டத்தில் வருவது நம் ஊரில் அன்றாடம். மானியின் சராசரிக்கு அது விதிவிலக்கு. 1940களின் பிற்பகுதியில் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த ரமணரின் புகழ்பெற்ற மார்பளவுப் படத்தில் நரைத்த தாடியும் பழுப்பு மேனியும் ஒன்றையொன்று விழுங்காமல் தத்தம் இடத்தில் இருக்கின்றன. அந்த முகத்தின் வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு மனிதர் தீர்மானித்ததால்தான் அப்படி இருக்கிறது.

‘அது பழைய கதை’ என்று ஒருவர் மறுக்கலாம். வெறும் சராசரி எடுக்கும் காலம் போய்விட்டது. 1983-இல் வந்த நைக்கான் எஃப்ஏ கேமராவே சட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, பிரகாச அமைப்பைப் பார்த்துக் காட்சி எப்படிப்பட்டது என்று ஊகித்தது. இன்றைய கேமராக்கள் முகத்தையே அடையாளம் காண்கின்றன. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. பிறந்தநாள் விழா, பள்ளி ஆண்டு விழா, வெயிலில் குடும்பப் படம் ஆகியவற்றில் தானியங்கி அளவீடு பெரும்பாலும் சரியாகவே வரும். அங்கே அதை நம்பாமல் இருப்பது வீண் பிடிவாதம். ஆனால் அந்த ஊகம் பழகிய காட்சிகளிலிருந்து பிறக்கிறது. இரண்டு கோடிப் புள்ளிகளுக்கு நடுவே இருநூறு புள்ளிகள்தான் முக்கியம் என்பது எந்த ஊகத்துக்கும் எட்டாது. அது படம் எடுப்பவரின் மனத்தில் மட்டும் இருக்கும் செய்தி. அதைக் கேமராவிடம் சொல்வதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது: கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். வேட்டிக் கூட்டத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டல். சுடருக்கு இரண்டோ மூன்றோ படி கழித்தல். ஒரு படி என்றால் ஒளி இருமடங்கு அல்லது பாதி. எடுத்தபின் திரையில் பிரகாசத்தின் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து, அது வலது சுவரில் முட்டி நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். சுடர் சிறியது என்பதால் அந்த வரைபடத்தில் அதன் வழிதல் தெரியாமல் போகக்கூடும். வழிந்த இடம் கண் சிமிட்டும் எச்சரிக்கையை மெனுவில் திறந்து வைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

கழித்துவிட்டால் மலை கறுத்துப்போகாதா? இங்கே எந்த மெனுவிலும் இல்லாத ஒரு செட்டிங் உதவிக்கு வருகிறது: கடிகாரம். கார்த்திகைத் தீபம் நவம்பர் பிற்பகுதியிலோ டிசம்பரிலோ வரும். அந்த நாட்களில் திருவண்ணாமலையில் சூரியன் ஏறத்தாழ மாலை ஐந்தே முக்காலை ஒட்டி மறைகிறது. தீபம் ஏற்றும் ஆறு மணிக்கு மேற்கு வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. மலையின் வடிவம் வானத்தில் வெட்டி வைத்ததுபோல் தெரிகிறது. ஊர் 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கும், அந்தி நீளாது. நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்று ஒளி சரசரவென்று சரியும். ஆறிலிருந்து ஆறேகால் வரை சுடரின் பிரகாசத்துக்கும் வானத்தின் பிரகாசத்துக்கும் உள்ள தூரம், நல்ல சென்சார் தாங்கும் பன்னிரண்டு பதிமூன்று படிகளுக்குள் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். ஏழு மணிக்கு வானம் கருப்பு, சுடர் அதே சுடர். எந்த செட்டிங்காலும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது.

பகல் படத்துக்கும் இதே அட்சரேகைதான் நாள் குறிக்கிறது. ஆசிரமம் மலையின் தெற்கே இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தென்வானில் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். நாம் பார்க்கும் தென்முகத்தின் பாறை மடிப்புகள் ஒவ்வொன்றும் துலங்கும். ஜூன் மாதத்தில் அதே சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே, அதாவது மலைப்பக்கம் சாய்ந்துவிடும். தென்சரிவு தட்டையாகவும் மங்கலாகவும் தெரியும். ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்க, நிழலே காலடியில் ஒளிந்துகொள்ளும். ‘போன வருஷம் இதே கேமராவில்தான் எடுத்தேன், அப்போது மலை அழகாக இருந்தது, இப்போது இல்லையே’ என்று செட்டிங்கைக் குறைசொல்பவர் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

திருத்த முடியாதவற்றில் அடுத்தது அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு. தூரத்து மலையும் பக்கத்துப் பூச்செடியும் இரண்டுமே தெளிவாக வேண்டும் என்றால் திறப்பைச் சுருக்கு, எஃப்/22 வரை போ என்று ஒரு வழக்கமான அறிவுரை உண்டு. பாதி சரி. சுருக்கச் சுருக்கத் தெளிவின் ஆழம் கூடும். ஆனால் ஒளி ஓர் அலை; சிறு துளையில் நுழையும்போது விளிம்பில் விரியும். புள்ளி ஒளி புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழும். எஃப்/8-இல் அந்த வட்டின் குறுக்களவு 11 மைக்ரான். எஃப்/22-இல் 30 மைக்ரான், அதாவது நம் சென்சாரில் ஏழெட்டுப் புள்ளி அகலம். இருபது புள்ளி உயரமுள்ள சுடரை ஏழு புள்ளி அகலத் தூரிகையால் வரைந்தால் என்ன மிஞ்சும்? அவ்வளவு சுருக்கத் தேவையும் இல்லை. 18 மிமீ-இல் எஃப்/8 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரில் இருக்கும் அகல்விளக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் உச்சி வரை எல்லாமே சாதாரணப் பார்வைக்குத் தெளிவாக இருக்கும். 55 மிமீ-இல் அந்த இரண்டு மீட்டர் பத்தொன்பது மீட்டராகிவிடும். பக்கத்து விளக்கையும் உச்சியையும் சேர்த்துப் பிடிக்கும் ஆசையை அங்கே விட்டுவிட வேண்டும். மலைப்படத்துக்கு எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் இடையில் இருப்பது நல்லது என்பதற்கு இந்த இரண்டு கணக்குகளே காரணம். ஃபோகஸும் இப்படித்தான்: இருளில் சிறு சுடரைத் தேடிக் கேமராவின் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். வெளிச்சம் இருக்கும்போதே லைவ் வியூவில் உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிட வேண்டும்.

மூன்றாவது ஷட்டர் வேகம். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நடப்பவரை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் குறுக்காகக் கடப்பவர், ஐந்து மீட்டர் தூரத்தில், 35 மிமீ லென்ஸில், சென்சார்மீது நொடிக்குப் பத்து மில்லிமீட்டர் நகர்கிறார். 1/60 நொடியில் அவர் உருவம் நாற்பது புள்ளி இழுபடும், 1/250-இல் பத்து, 1/1000-இல் இரண்டரை. எது சரி? ஆயிரம் புள்ளி அகலமுள்ள கைபேசித் திரையில் பார்க்கும் படத்தில் பத்துப் புள்ளி இழுப்பு இரண்டாகச் சுருங்கிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சுவரளவு அச்சடித்தால் அது கண்ணை உறுத்தும். பதினான்கு கிலோமீட்டர் பாதையில் ஓர் ஆறுபோல் ஓடும் கூட்டத்தைக் காட்ட நினைத்தால், கேமராவை நிலைநிறுத்தி அரை நொடி திறந்து வைப்பதே சரியான வேகம். ஒரே காட்சி, மூன்று நோக்கம், மூன்று விடை. கூடவே ஒரு சிறு நுட்பம்: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். அவற்றின் கீழே 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழாது.

இரவில் வேகத்தைக் கூட்ட, சென்சாரின் கணக்கைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். உடனே பயம் வரும்: ‘ஐஎஸ்ஓ கூடினால் இரைச்சல் கூடும், நூறிலேயே வை.’ இந்தப் பயம் காரணத்தையும் விளைவையும் மாற்றி வைத்துக்கொள்கிறது. ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, மழைத்துளிபோல் சிதறி வருகின்றன. பத்தாயிரம் துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான நூறு, அதாவது ஒரு சதவீதம். நூறு துகள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் பத்து, அதாவது பத்து சதவீதம். படத்தில் தெரியும் இரைச்சலில் பெரும்பங்கு ஒளியின் பஞ்சத்தால் வருவது. ஐஎஸ்ஓ அந்தப் பஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, உண்டாக்கவில்லை. ஐஎஸ்ஓவைத் தாழ்த்தி, அதற்காக ஷட்டரை நீட்டி, நடப்பவரின் முகத்தைக் கலைத்துவிட்டால், இரைச்சலில்லாத ஆனால் பயனற்ற படம் கிடைக்கும். இரைச்சலைக் கணினியில் பெருமளவு தணிக்கலாம். கலைந்த முகத்தை மீட்க முடியாது. திருத்த முடியாததைக் காக்கத் திருத்தக்கூடியதை விட்டுக்கொடு என்பதே இங்கும் விதி. உண்மையான மருந்து ஒளியைக் கூட்டுவது: எஃப்/5.6 திறப்புள்ள லென்ஸுக்குப் பதில் எஃப்/1.8 திறப்புள்ள 50 மிமீ லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். புதுக் கேமராவின் மெனுவில் செலவிடும் எந்த மணிநேரமும் அந்தப் பத்து மடங்குக்கு ஈடாகாது.

அப்படியானால் ஃபிளாஷ்? பச்சை நிற ஆட்டோ முறையில் விட்டால், இருட்டைக் கண்டதும் கேமரா தானே ஃபிளாஷைத் தூக்கிக்கொள்ளும். தீபத்தன்று கூட்டத்தில் மின்னல்போல் வெட்டும் வெளிச்சங்கள் பல இப்படி வருபவை. கேமராவோடு வரும் சிறு ஃபிளாஷ் சாதாரண நிலையில் மூன்று மீட்டர் தூரம் எட்டும். ஒளி தூரத்தின் வர்க்கத்தில் குறைவதால், இரண்டு கிலோமீட்டரில் அதன் பலம் நான்கு லட்சத்து நாற்பதாயிரம் மடங்கு தேய்ந்திருக்கும். மலைக்கு அது போய்ச் சேராது; முன்னால் நிற்பவரின் பின்மண்டையை மட்டும் வெளுக்கும், பக்கத்தில் கண்மூடி நிற்பவரைத் திடுக்கிட வைக்கும். புதுக் கேமராவில் இரண்டாவதாக மாற்ற வேண்டிய செட்டிங் இது: ஆட்டோ ஃபிளாஷை அணைப்பது.

‘இவ்வளவு கணக்குப் போட்டா பெரிய கலைஞர்கள் படம் எடுத்தார்கள்?’ என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. இதற்குச் சாட்சி இதே இடத்தில் இருக்கிறது. புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்த அதே கணத்தில் வானில் ஒரு நட்சத்திரம் எரிந்து சென்றதைக் கண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்ததாக அவர் சொன்னது ஆசிரம வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஃபிளாஷை வெறுத்தவர், பெரும்பாலும் ஒரு லைக்கா, ஒரு 50 மிமீ லென்ஸ். அவர் செட்டிங்கைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது சரியான வாசிப்பாகாது. ஃபிலிமைப் போட்டதுமே அதன் வேகம் முடிவாகிவிட்டது; லென்ஸ் ஒன்றே; வொயிட் பேலன்ஸ் என்ற பேச்சே கறுப்பு வெள்ளையில் இல்லை. மிஞ்சியவை திறப்பு, வேகம், ஃபோகஸ், கணம் என்ற நான்கு. எல்லாமே திருத்த முடியாதவை. அந்த நான்கில் கண்ணும் கையும் அவருக்கு முழுதாகப் பழகியிருந்தன. ஆக அவர் உதாரணம் நம் பிரிவினைக்கு எதிராகப் பேசவில்லை. அந்தப் பிரிவினையை அவருக்கு ஃபிலிமே செய்து கொடுத்திருந்தது என்றுதான் சொல்கிறது. எரிநட்சத்திரம் ஓரிரு நொடி நிற்கும். அதற்குள் மெனுவைத் திறக்க முடியாது.

எதிர்முனையிலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு: உண்மையான புகைப்படக்காரர் எல்லாவற்றையும் கையால் வைக்கும் ‘எம்’ முறையில்தான் எடுப்பார் என்பது. ஒளி மாறாத இடத்தில், தீபத்துக்கு நேரே முக்காலியில் வைத்த கேமராவுக்கு அது சரி. மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும் கிரிவலப் பாதையில் ஒவ்வோர் அடிக்கும் எண்ணைத் திருகுவது வீரமல்ல, நேர விரயம். அங்கே அப்பெர்ச்சரை நாம் வைத்து வேகத்தைக் கேமராவிடம் விடும் ‘ஏ’ முறையும், ஐஎஸ்ஓவுக்கு ஓர் உச்சவரம்பும், கூட்டல் கழித்தல் பொத்தானும் போதும். கைபேசியே நன்றாக எடுக்கிறதே என்பவருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஆம், எடுக்கிறது. பல படங்களைச் சட்டென்று எடுத்துச் சேர்த்துத் தைத்து, சுடரையும் மலையையும் ஒரே படத்தில் அது அடக்கிவிடும். முகத்தை வெளுக்க வேண்டுமா, வானத்தை நீலமாக்க வேண்டுமா என்ற தீர்ப்பையும் சேர்த்தே அது எழுதிவிடுகிறது. கேமராவை விலை கொடுத்து வாங்குவது அந்தத் தீர்ப்பை நம்மிடம் வைத்துக்கொள்வதற்காக. வாங்கிவிட்டுத் தீர்ப்பைத் திரும்ப ஆட்டோவிடமே ஒப்படைத்தால் கைபேசியே மேல். கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்கள் சந்தையைப் பிடித்துவிட்ட இக்காலத்திலும் இந்தக் கணக்குகளில் ஒன்றும் மாறாது. ஒளியின் இயற்பியல் கேமராவின் மாடலைக் கேட்பதில்லை.

ஆகவே புதுக் கேமராவின் முதல் மாலைக்கு இவ்வளவு போதும்: ராவும் ஜேபெக்கும் சேர்த்து; ஃபிளாஷ் அணைத்து; வொயிட் பேலன்ஸும் பட பாணியும் அப்படியே விட்டு; எஃப்/5.6, வெளிச்சத்திலேயே பூட்டிய ஃபோகஸ், வழிதல் எச்சரிக்கை திறந்து. மீதியெல்லாம் கண் சுடர்மேல் இருக்கட்டும். அப்போதும் முதல் படங்கள் வழிந்து வெளுத்தால் மனம் தளர வேண்டாம். மலையுச்சிக் கொப்பரையில் தீபம் ஒரு நாளோடு முடிவதில்லை, பதினொரு நாள் ஏற்றப்படுகிறது. முதல் மாலையில் தவறவிட்டவருக்கு, கூட்டம் குறைந்த இன்னும் பத்து மாலைகள் இருக்கின்றன.